சாமி முன்னால் இருந்த காந்தம்

கங்கைகொண்டானில், உடைந்த பிளாஸ்டிக் வாளி, குடங்களை அரைத்துக் குருணையாக்கி விற்கும் கம்பெனியில் வேலை செய்கிறேன். குருணை வந்து விழும் வாயில் சாக்குப் பிடிப்பது என் வேலை. அந்த வாயில் காந்தக் கம்பிகள் பதித்த சட்டம் ஒன்று உண்டு. இரும்பு ஏதும் கலந்து வந்தால் அது பிடித்துக்கொள்ளும்.

ஆயுத பூஜை முடிந்த மறுவாரம், எங்களிடம் குருணை வாங்கிப் பூந்தொட்டி செய்யும் அண்ணாச்சி ஒரு பொட்டலத்தோடு வந்து, சூப்பர்வைசர் முன் பிரித்தார். உள்ளே மெல்லிய இரும்பு இழைகள்.

“ஏன்வே, குருணை கேட்டா கம்பியும் சேத்து அனுப்புதீரு? என் மெஷினு அடைச்சு நின்னு போச்சு. இனி உம்ம சரக்கே வேண்டாம்வே.”

பாதிச் சரக்கு அவருக்குத்தான் போகிறது. அவர் நிறுத்தினால் எங்கள் ஷிப்ட்டை நிறுத்திவிடுவார்கள்.

சூப்பர்வைசர் அவரைக் கிடங்குக்கு அழைத்துப் போய், மூட்டைக்கு ஒரு கை அள்ளித் தட்டில் பரப்பி, காந்தத்தை ஓட்டினார். எல்லாம் சுத்தம். குங்குமப் பொட்டு வைத்த மூட்டைகளில் மட்டும் இழைகள் எழும்பி ஒட்டின. பூஜை அன்று நல்லதுக்காகக் கொஞ்ச நேரம் மெஷினை ஓட்டிப் பிடித்த மூட்டைகள் அவை.

“அன்னைக்கு மெஷினைப் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரு போட்டுத் தேச்சோம், சார்” என்றாள் என் கூட்டாளி.

“சரிக்கா, காந்தம் பிடிச்சிருக்கணுமே?” என்றார் சூப்பர்வைசர்.

ஆண்கள் கூடி நிற்கும் இடத்தில் நான் வாய் திறப்பதே இல்லை. அன்று எப்படியோ வந்துவிட்டது.

“காந்தம் சாமி முன்னால இருந்துச்சு, சார்.”

அந்தக் காந்தச் சட்டத்தையும் கழற்றிக் கழுவித் துடைத்து, ஸ்பேனர், கத்தியோடு சாமி படத்தின் முன் அடுக்கியிருந்தோம். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைக்கு முன் யார் எடுப்பார்கள்?

“சாமி முன்னால வச்சது யாரு?”

“நாங்கதான். அதுக்குப் பொட்டு வச்சது நீங்கள்லா சார்!” என்றாள் கூட்டாளி.

அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சூப்பர்வைசரும் தாங்கமாட்டாமல் சிரித்துவிட்டார்.

“எனக்கு அனுப்புன பொட்டு மூட்டையை மட்டும் திருப்பி எடுத்துக்கிடும்வே. இங்க இருக்க மத்ததை வண்டில ஏத்தச் சொல்லும்.”

கிளம்பும்போது அண்ணாச்சி என்னிடம் சொன்னார்: “எக்கா, அடுத்த வருசம் காந்தம் இருக்க இடத்துலயே பொட்டு வையிங்க. வேலையா இருக்குன்னு சாமிட்ட நான் சொல்லிக்கிடுதேன்.”