மாடு தந்தவன் பெயர்

அரசாங்கம் கொடுத்த மாடு கிடேரிக் கன்று ஈன்றபோது அந்த ருவாண்டா மலையூரே திரண்டு வந்து பார்த்தது. மாட்டுக்காரி முகாந்தோலி மட்டும் சிரிக்கவில்லை. முதல் கிடேரியை அடுத்த ஏழைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. இந்த முறை செங்கிமானாவின் பங்கு. படுகொலை நாட்களில் அவள் வீட்டைக் கொளுத்திவிட்டு, சிறைக்குப் போய்த் திரும்பியவன்.

ஒரு காலத்தில் அவன் கல்யாணத்துக்குக் கன்று கொடுத்ததே அவள் கணவன் கயிதாரேதான். மாடு தந்தவர் பெயரில்தான் ருவாண்டாவில் சத்தியம் செய்வார்கள். அந்தப் பெயரில் பொய் சொன்னவனை நாய்கூட மதிக்காது. அடுப்பில் அவரைக்கொட்டை வேகவில்லை என்றாலும் "மாடு தந்த கயிதாரே மேல சத்தியமா" என்றுதான் செங்கிமானா வாயைத் திறப்பான். பிறகு படுகொலைகளின் அந்த ஏப்ரல் வந்தது. ஊர்மன்றத்தில் தீ வைத்ததை ஒப்புக்கொண்டவன், கயிதாரேயை எங்கே போட்டார்கள் என்று மட்டும் தெரியாதென்று சாதித்துவிட்டான். அவளுக்கோ புதைக்க ஒரு எலும்புகூட இல்லை.

மலை இப்போது ஆளே மாறிவிட்டது. கூரையெல்லாம் தகரம், சாலை வளைவு வரை மின்சாரம். அங்கே பால் நிலையம். விடிந்ததும் கேனோடு அதன் சிமெண்டு முற்றத்தில் வரிசையில் நிற்பாள். காரில் வருகிறவர்கள், நாடு எழுந்துவிட்டது என்கிறார்கள். எழுந்ததுதான், பொய்யில்லை. விழுந்தவர்கள்தான் எழவில்லை.

ஊர்த்தலைவி இங்காபிரே தயங்கித் தயங்கி வந்தாள். "அக்கா, மனசு ஒப்பலன்னா வேற வீட்டுக் கன்னுக்குட்டிய அவனுக்கு மாத்திடலாம்."

"வேண்டாம். என் கையாலயே குடுக்கறேன்."

பெருந்தன்மை என்று ஊர் மெச்சியது. பெருந்தன்மையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தன் கன்றை வாங்கிய பிறகு தன்னிடம் அவனால் பொய் சொல்ல முடியாது. கயிதாரே எங்கே என்ற அந்த ஒரு கேள்விக்காகத்தான் கன்றைப் பணயம் வைத்தாள்.

கொடுக்கும் நாளில் எல்லோரும் கூடினார்கள். செங்கிமானா இரவல் சட்டையில், தலை நிமிராமல் வந்தான். கயிறு கைமாறியதும் யாரோ சீண்டினார்கள். "என்னண்ணே, வாயில கொழுக்கட்டையா? மாடு தந்தவங்க பேரச் சொல்லு!"

முகாந்தோலி என்று சொல்ல வேண்டியவன், பழக்கதோஷத்தில் கத்திவிட்டான். "மாடு தந்த கயிதாரே மேல சத்தியமா!"

அந்தப் பெயரை மலையில் யாரும் உரக்கச் சொல்லி எத்தனையோ வருஷமாகிவிட்டது. அவன் கன்றின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அவர் பேரச் சொல்லிட்ட," என்றாள் முகாந்தோலி. "இப்ப சொல்லு. எங்க?"

"அண்ணி..." அழுகையில் குழறினான். "பால் நிலையத்துப் பள்ளம். அப்ப அது வெறும் பள்ளம். சொன்னா ஜெயில்லயே கெடந்து சாகணும்னு பயம். திரும்பி வந்து பாத்தா மேல சிமெண்டு போட்டிருக்காங்க."

"எந்தப் பக்கம்?"

"நீங்கல்லாம் வரிசையில நிக்கற பக்கம்."

தினமும் கேனை இறக்கி வைத்து, கால் மாற்றி மாற்றி நின்று, பால் விலையைத் திட்டிய இடம். அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "அய்யோ, நான் அவர் மேலயேல்ல நின்னிருக்கேன்!"

"ஒடைச்சுத் தோண்டிடுவோம், அக்கா," என்றாள் இங்காபிரே. அங்கே பால் ஊற்றித்தான் பாதி மலைக்குச் சோறு. ஆனாலும் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

செங்கிமானா கயிற்றை நீட்டினான். "இது எனக்கு வேணாம் அண்ணி. எனக்கு அருகதையில்ல."

"குடுத்தது குடுத்ததுதான்." கயிற்றை அவன் கையிலேயே திணித்தாள். "ஆனா எம் பேர்ல சத்தியம் பண்ணாத. அவர் பேரையே சொல்லிட்டுக் கெட. அதச் சொல்றதுக்கு இந்த மலையில வேற யாரு மிச்சம்?"