சத்தத்துக்குள் பேசியவர்கள்

அம்மா பஞ்சாலையில் இருபது வருடம் வேலை பார்த்தவர். அவர் பேசினால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். நான் படித்த பள்ளிக்கு ஒருமுறை வந்து, வாசலில் நின்று கூப்பிட்டார். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து வெளியிடங்களில் அவரைப் பேசவிடாமல் பார்த்துக்கொள்வதை ஒரு வேலையாகவே வைத்திருந்தேன். எழுதும்போது கூசுகிறது.

தொண்ணூறுகளில் பீளமேட்டில் ஒரு கல்லூரியில் வேலையில் இருந்தேன். மூடிய ஆலைகளின் சாமான்களை வைத்து ஊரின் கதையைச் சொல்ல ஓர் அறை ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். நூல் சுற்றும் கட்டைகள், ஷிப்டுக்கு ஊதிய சங்கு, சாப்பாட்டுத் தூக்குகள் என்று அலைந்து சேர்த்தேன். அம்மா தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையைப் புளி போட்டுத் துலக்கிக் கொடுத்தார். எல்லாம் அடுக்கிய பிறகும் அறை செத்துக் கிடந்தது. ஓடிக்கொண்டிருந்த ஓர் ஆலைக்குப் போய் இயந்திரச் சத்தத்தை கேசட்டில் பிடித்து வந்தேன். நாலு மூலையிலும் ஸ்பீக்கர் வைத்தேன்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அம்மாவிடம், "பெரியவங்கெல்லாம் வருவாங்க. சத்தமாப் பேசிப்போடாதீங்கம்மா" என்றேன். தலையாட்டினார்.

விழாவில் அவரும், அவரோடு வேலை செய்த ஒரு தோழியும் சுவரோரமாக வாயை மூடி நின்றார்கள். கேசட்டை ஓடவிட்டேன். விருந்தினர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அப்போது அம்மாவின் உதடுகள் அசைந்தன, குரல் இல்லாமல். தோழி விரல்களால் பதில் சொன்னார். ஆலைக்குள் எதுவும் காதில் விழாது என்பதால் உதட்டாலும் கையாலும்தான் பேசிக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. அம்மா புருவத்தை உயர்த்தினார், மூக்கைத் தொட்டார், பழைய மேஸ்திரி யாரையோ போல நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார். இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். அம்மா இவ்வளவு பேசி நான் பார்த்தது கிடையாது. அவர் மகனான எனக்கு அதில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. கேசட்டில் நான் கொண்டுவந்தது பாதி ஆலைதான்.

தலைமை விருந்தினர் குறைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். குறைத்தேன். அம்மாவின் கை பாதியில் நின்றது. சுற்றிலும் பார்த்தார். நான் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும், மறுபடி சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

பிறகு என்னை அருகே அழைத்தார். ரகசியம் போலத்தான் சொன்னார், ஆனால் அறை முழுக்கக் கேட்டது.

"சத்தத்த மறுபடி வெய்யி கண்ணு. பேசிட்டிருந்தோமில்ல."

தலைமை விருந்தினர் என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கம் திரும்பாமல் சத்தம் கூட்டும் குமிழை முழுக்கத் திருப்பினேன்.