வரப்போரத்து மண்

இரண்டு வருடங்களுக்கு முன், நான் மண்ணியல் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தபோது நடந்தது இது. நானும் என் வகுப்புத் தோழியும் சுண்ணாம்புக்குளம் பக்கத்து வயல்களில் மண் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தோம். அவள் பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பெண்.

ஒரு நெல் வயலை நான் தனியாகப் பார்த்தேன். வயல் முழுக்க நடந்து, பத்துப் பதினைந்து இடங்களில் தோண்டி எடுத்துக் கலக்க வேண்டும். வெயில் தாங்கவில்லை. பழவேற்காடு ஏரியின் உப்புத்தண்ணீர் வாய்க்காலை ஒட்டிய வரப்போரமாகவே நாலு இடத்தில் தோண்டிப் பையை நிரப்பிவிட்டேன். சோதனையில் உப்பு ஏகத்துக்கும் வந்தது.

முடிவை வயல்காரரிடம் கொடுத்தோம். "அப்போ நெல்லு வராதுன்னு சொல்றீங்க. இறால் பண்ணைக்குக் கேட்டுனே இருக்காங்க, நாளைக்குக் கையெழுத்து போட்டுட்றேன்" என்றார்.

பஸ் நிறுத்தத்தில் தோழியிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். பஸ் வந்தது, அவள் ஏறவில்லை. "வா, போய் சொல்லிடலாம்" என்று திரும்பி நடந்தாள்.

"நாங்க மண்ணு எடுத்தது தப்புண்ணே. இன்னொரு வாட்டி எடுக்குறோம். அதுவரைக்கும் கையெழுத்து வேணாம்" என்று வயல்காரரிடம் சொன்னாள். என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை.

"இன்னாம்மா, வெளையாடுறீங்களா? படிச்ச புள்ளைங்கனு நம்புனேனே!" என்று அவர் கத்தினார்.

அதற்கு மேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை. "தப்பு என்னோடதுண்ணே, இவ மேல ஒண்ணும் இல்ல" என்றேன். அவர் மண்வெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். இந்த முறை வயல் முழுக்க நடந்து தோண்டினேன்.

பண்ணை வந்தால் அதன் கழிவுநீர் அவள் அப்பா வலை போடும் இடத்துக்குத்தான் போகும் என்பது ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. "மறுபடியும் உப்புன்னே வந்தா?" என்று கேட்டேன்.

"வந்தா அதையே எழுதுவோம். எங்க நைனா வலைக்காக உப்பைக் கம்மியா எழுத முடியுமா?" என்றாள். சொல்லிவிட்டுக் கருவியைக் கழுவி, முதலிலிருந்து மறுபடியும் அளந்தாள்.

வரப்போரம் மட்டும்தான் உப்பு. மீதி வயல் நன்றாகவே இருந்தது. அந்தப் பருவமே அவர் நெல் விதைத்தார்.

இப்போது நான் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நான் எழுதும் ஒவ்வோர் எண்ணையும் நம்பி ஒரு குடும்பம் முடிவெடுக்கும் என்ற பயத்தை எனக்குள் விதைத்தவள் அவள், அந்தப் பயம் என்னை விட்டுப் போகவே கூடாது.