கதவருகே நின்றுபோன நாடகம்

எங்கள் அண்ணன் மாத்தளை பலாபத்வலைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், அடைமழை பிடித்த ஒரு கார்த்திகையில் பிறந்தார். அப்பா இறப்பர் பால் வெட்டினார். அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தார். மூத்தவர் அண்ணன், கடைசி நான். இடையில் பிறந்தவர்கள் தங்கவில்லை.

இனக்கலவரத்தில் லயம் எரிந்தது. நாங்கள் காட்டுக்குள் இருந்து திரும்பியபோது பள்ளிக்கூடமும் மூடியிருந்தது. திறந்த பிறகு அண்ணன் போய்ச் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தார். நான் போகவில்லை. லொறி, தம்புள்ளை மரக்கறிச் சந்தை, கொழும்பில் சாப்பாட்டுக் கடை என்று இடம் மாறிக்கொண்டே இருந்தவன் நான். ஆகவே இங்கே எழுதுவதில் பாதி நான் பார்த்தது, மீதி பார்த்தவர்கள் சொன்னது.

மாசி மாதம் தோட்டத்தில் மன்மதன் ரதி கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும். அதில் அண்ணனுக்குப் பெண் வேடம் கட்டினார்கள். முதல் வருடம் அவர் சேலை கட்டி இறங்கியதும், புதிதாக வந்திருந்த கணக்கப்பிள்ளை அம்மாவிடம், “இந்தப் புள்ளைய எங்கயும் பொண்ணு கேட்டு வந்தாங்களா?” என்று விசாரித்தார். “கேட்டா குடுத்துருவேன் ஐயா, ஆனா மீசை வளருது” என்றார் அம்மா. அந்தக் கதையை அண்ணன் பேச்சு இருந்தவரை எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தார்.

பிறகு அலுவிகாரையில் ஒரு சரக்குக் கடையில் மிளகும் கராம்பும் நிறுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அண்ணியைத் திருமணம் செய்து பலாபத்வலையில் வீடு எடுத்தார். கடை முதலாளி ஹாஜியார் ஞாயிற்றுக்கிழமைகளில் கிடங்கின் திறப்புச் சாவியைக் கொடுத்துவிடுவார். மூட்டைகளுக்கு நடுவில்தான் அண்ணனின் நாடகங்கள் எல்லாம் உருவாயின. அவருடைய நாடக ஆட்களின் உடுப்பில் எப்போதும் கராம்பு மணக்கும். கோவில் திருவிழாக்களிலும் தோட்டத்து மைதானங்களிலும் அவர் எழுதி ஆடிய நாடகங்களை இந்த நினைவு மலரைப் பெறுகிறவர்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

அண்ணனிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த நாடகத்தின் முடிவையும் அவர் எழுத மாட்டார். கடைசி ஒத்திகையில் தானே ஆடிக் காட்டுவார், அவ்வளவுதான். கேட்டால், “முடிவு தெரிஞ்சா இவனுங்க மொதக் காட்சியிலயே மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவானுங்க” என்பார். எதையும் விளக்கிச் சொல்லவும் மாட்டார். நடந்து காட்டுவார். ஆட்கள் பின்னால் நின்று அப்படியே நடக்க வேண்டும். வாய் கோணினால் வாயையும் கோண வேண்டும்.

அண்ணனுக்கு ஒரே பிள்ளை, சுதா. சுதா குவைத்துக்கு வேலைக்குப் போகப் போவதாகச் சொன்னபோது அண்ணன் மறுத்தார். அப்படிப் போன எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்தி சவப்பெட்டியில் திரும்பி வந்ததைப் பார்த்தவர் அவர். “மீறிப் போனா இந்த வாசப்படிய மிதிக்காத” என்றார். சுதா போனாள். அண்ணன் சொன்ன சொல்லில் நின்றார். அவள் தொலைபேசியில் பேசும்போது எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவார். ஆனால் அண்ணி எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், சத்தமாகவும் பேசுவார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இதை மலரில் எழுதலாமா என்று சுதாவிடம் கேட்டேன். “எழுதுங்க சித்தப்பா. ஊருக்கே தெரிஞ்சதுதானே” என்றாள்.

அண்ணனின் கடைசி நாடகம் ஒரு லயத்துக் கதை. வெளிநாட்டுக்குப் போன மகள் பல வருடங்களுக்குப் பின் பெட்டியோடு வந்து, சாத்திய கதவுக்கு வெளியே நிற்கிறாள். “அப்பா, உள்ள வரட்டா?” என்று கேட்கிறாள். அப்பா அடுப்படியிலிருந்து எழுந்து கதவை நோக்கி வருகிறார். இவ்வளவுதான் ஆட்களுக்குத் தெரியும். அப்பாவாக நடித்தவர் முச்சக்கரவண்டி ஓட்டும் செல்வம். மகளாக நடித்தவள் பிரியா என்ற பிள்ளை.

கடைசி ஒத்திகைக்காகக் கிடங்கில் கூடிய ஞாயிற்றுக்கிழமை முடிவைக் காட்டுவதாக அண்ணன் சொல்லியிருந்தார். அதற்கு முன் செல்வத்தின் நடையைத் திருத்தினார். “நீ நடக்கிறது கரண்டு பில் கட்டப் போறவன் மாதிரி இருக்குடா. காலமெல்லாம் மல ஏறி எறங்குன காலு அப்படியா வரும்? பாரு” என்று தானே நடந்தார். நாலைந்து அடி வைத்ததும் வலது கால் இழுத்தது. வாய் ஒரு பக்கம் தொங்கியது. ஏதோ சொன்னார், சொல் குழறியது.

“மாஸ்டர் புதுசா ஒண்ணு போட்டுட்டாருடா!” என்றார் செல்வம். பின்னால் நின்று தானும் காலை இழுத்தார், வாயைக் கோணினார், குழறினார். மற்றவர்கள் கைதட்டினார்கள். அண்ணன் மிளகு மூட்டைமேல் சரிந்தார். செல்வமும் பக்கத்து மூட்டையில் அதே மாதிரி சரிந்தார். பிரியாதான், “செல்வண்ணே, வெளையாடாதீங்க, மாஸ்டரோட கண்ணப் பாருங்க” என்று கத்தினாள்.

செல்வத்தின் முச்சக்கரவண்டியிலேயே மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தம்புள்ளையிலிருந்து நான் வந்து சேர்ந்தபோது செல்வம் வாசலில் குந்தியிருந்தார். “நான் பாத்துப் பாத்துச் செஞ்சேன் அண்ணே. நல்லாச் செய்றேன்னு நெனச்சேன்” என்றார். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. செல்வம்தான் இன்றுவரை சொல்கிறார்.

அண்ணன் உயிர் பிழைத்தார். பேச்சு வரவில்லை. வலது கை எழவில்லை. இடது கையில் பென்சிலைக் கொடுத்தால் கோடுதான் விழுந்தது. பசியா என்றால் தலையாட்டுவார், பசிக்கவில்லையா என்றாலும் தலையாட்டுவார். இனி இப்படித்தான் இருக்கும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நான் வேலையை விட்டுவிட்டு அங்கேயே தங்கினேன். தூக்க ஒரு ஆள் வேண்டும்.

நாடகம் ஆட வேண்டிய கோவில் திருவிழா நெருங்கியது. ஆட்கள் வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“மாஸ்டர், அப்பா கதவத் தொறக்கிறாரா?” அண்ணன் தலையாட்டினார்.

“அப்ப சாத்தி வைக்கிறாரா?” அதற்கும் ஆட்டினார்.

பிறகு இடது கையை நெஞ்சருகே வைத்து, உள்ளங்கையை முன்னால் மெதுவாகத் தள்ளிக் காட்டினார். திறப்பதற்கும் அப்படித்தான் தள்ள வேண்டும். வராதே என்று சொல்வதற்கும் அப்படித்தான். ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். அண்ணன் திரும்பத் திரும்பக் காட்டினார். கோபத்தில் கழுத்து நரம்பு புடைத்தது. செல்வமும் நானும் அவரைத் தூக்கிப் பின்னால் சமையல் செய்யும் குசினியின் கதவுக்கு முன்னால் நிறுத்தினோம். “கதவையே தொட்டுக் காட்டுங்க மாஸ்டர்.” அண்ணன் உள்ளங்கையைப் பலகையில் வைத்தார். தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. அப்படியே நின்று அழுதார். அதன் பிறகு நாங்கள் கேட்கவில்லை. அந்தத் திருவிழாவில் நாடகம் நடக்கவில்லை.

குவைத்தில் வேலை ஒப்பந்தம் முடிந்துதான் சுதாவை விட்டார்கள். அவள் வந்த அன்று வான் வண்டி வீட்டுக்கு முன்னால் நின்றது. அண்ணி ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து, “வாடி உள்ளுக்கு” என்றார். சுதா பெட்டியோடு வீட்டைச் சுற்றிக் குசினி வழியாக வந்தாள்.

“என்ன புள்ள, முன்வாசலால வந்தா என்ன?” என்றேன்.

“அப்பா மிதிக்காதன்னாங்களே சித்தப்பா. இன்னும் மாத்திச் சொல்லலயே.”

“பேச முடியாத மனுசன் எப்படிம்மா மாத்திச் சொல்வாரு?”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

அண்ணன் அவளைப் பார்த்தார். அதே இடது கை எழுந்தது, உள்ளங்கை முன்னால் வந்தது. அண்ணி, “பாத்தியா, வான்னு சொல்றாரு” என்றார். சுதா பெட்டியைச் சுவரோரம் வைத்தாள். கட்டில் காலடியில் உட்கார்ந்து அண்ணனின் பாதத்தைத் தேய்க்கத் தொடங்கினாள். அதன் பிறகு குளிப்பாட்டியதும் ஊட்டியதும் துணி மாற்றியதும் அவள்தான். அவ்வளவு காலமும் பின்பக்கத்தால்தான் போய் வந்தாள். கடைக்குப் போவதானாலும் குப்பை மேட்டைச் சுற்றித்தான் ரோட்டுக்கு இறங்குவாள். அண்ணன் கட்டிலிலிருந்து முன்வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் என்ன நினைத்தார் என்று என்னால் எழுத முடியாது.

மழை பெய்த ஒரு பிற்பகலில் அண்ணன் போய்விட்டார். கஞ்சி இரண்டு வாய் குடித்தார், மூன்றாவது உள்ளே இறங்கவில்லை. துன்பம் என்று பெரிதாக இல்லை. மறுநாள் முன்வாசல் வழியாக அவரைத் தூக்கினோம். சுதா அன்றும் பின்னால் சுற்றி வந்துதான் முற்றத்தில் நின்றாள்.

ஓராண்டு ஆகிறது. நினைவு நாளில் அந்த நாடகத்தை ஆட வேண்டும் என்று ஆட்கள் தீர்மானித்து வீட்டுக்கு வந்தார்கள். செல்வம் சுதாவின் பக்கத்தில் உட்கார்ந்து, “தங்கச்சி, நான் கதவத் தொறந்துருறேன். ஒனக்காகத் தொறக்கிறேன். சனமும் சந்தோசமாப் போகும்” என்றார்.

“வேணாண்ணே.”

“மாஸ்டர் அதத்தான் நெனச்சிருப்பாரு.”

“இருக்கலாம். ஆனா அப்பா சொல்லல. சொல்லாதத நீங்களாத் தொறந்துட்டா, அப்புறம் எனக்கு நெனச்சுப் பாக்கவும் ஒண்ணும் இல்லாமப் போயிரும்.”

செல்வம் என்னைப் பார்த்தார். தெரிந்த இடம்வரை ஆடுவது என்று முடிவானது.

அண்ணன் படுக்கையில் இருந்த காலத்தில் தூக்கவும் கழுவவும் இரத்தச் சோதனைக்குக் கூட்டிப்போகவும் வந்து நின்ற அயலவர்களுக்கும், ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும், சாமம் பாராமல் வண்டி ஓட்டிய செல்வத்துக்கும், கிடங்கின் திறப்பை இன்னமும் திருப்பிக் கேட்காத ஹாஜியாருக்கும், பாடை கட்டிய தோட்டத்துப் பிள்ளைகளுக்கும், கண்டியிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் பஸ் ஏறி வந்த உறவினர்களுக்கும் அண்ணியின் சார்பிலும் சுதாவின் சார்பிலும் நன்றி சொல்கிறேன். பெயர் விடுபட்டவர்கள் மன்னிக்க வேண்டும்.

நினைவு நாளன்று மதியச் சாப்பாட்டுக்குப் பின் அலுவிகாரைக் கிடங்கில் நாடகம் நடக்கும். எல்லோரும் வாருங்கள். மகள் வெளியே நின்று கேட்பாள், அப்பா கதவுவரை வருவார், விளக்கை அணைத்துவிடுவார்கள். அந்த இடத்தில் யாரும் கைதட்ட வேண்டாம் என்று சுதா கேட்டுக்கொள்கிறாள். நாடகம் முடிந்ததால் அணைப்பது அல்ல அது, அண்ணன் சொல்லிவைத்தது அதுவரைதான் என்பதால்.