மாம்பழக்காரி கேட்ட கேள்வி

மொம்பாசாவில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு நர்ஸ் வேலை உறுதியானது. வார்டில் நோயாளிகளிடம் ஸ்வாஹிலி பேச வேண்டும் என்றார்கள். பாம்பன் கரையில் ஸ்வாஹிலிக்கு யாரிடம் போவது? தேடியதில், இணையத்தில் எழுத்தாலேயே கட்டிய ஓர் ஊர் கிடைத்தது. படம் கிடையாது, குரல் கிடையாது. ‘நீ சந்தையில் நிற்கிறாய், வடக்கே வாசல்’ என்று திரையில் வரி வரும். வடக்கே போ என்று தட்டினால் அடுத்த இடம். நம்மைப்போல எங்கிருந்தோ வந்து அங்கங்கே நிற்கிறவர்களிடம் ஸ்வாஹிலியில் எழுதிப் பேசலாம்.

அந்தச் சந்தையில் ஒரு மாம்பழக்காரி பழக்கமானாள். மாம்பழக்காரி என்பது அவளே சொல்லிக்கொண்டதுதான்; ஆணா பெண்ணா என்பதே தெரியாது. என் பிழைகளை அலுக்காமல் திருத்துவாள். அதுதான் என்னை உறுத்தியது. ஆதாயம் இல்லாமல் ஆற்றோடு போவார்களா? வீடு எப்படி, அம்மா எப்படி என்று வேறு துருவுவாள். எதற்கும் இருக்கட்டும் என்று என் ஊரை மதுரை என்று சொல்லிவைத்தேன்.

அம்மாவுக்கு என்னைவிடச் சந்தேகம்.

“மொகமும் தெரியாது, கொரலும் தெரியாது. மாம்பழம் விக்கிறவளுக்கு மத்தியானம் பூரா ஒங்கூடப் பேச ஏதுடி நேரம்?”

கேள்வி நியாயம்தான். ஆனால் அம்மாவுக்கு நான் வெளிநாடு போவதே பிடிக்கவில்லை. அதை மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள்.

எனக்கு வேறொன்று பயமாக இருந்தது. நான் விடைபெறும்போதெல்லாம் மாம்பழக்காரி, “எங்கே போகிறாய்?” என்று கேட்பாள். கடலுக்குப் போகிற வீட்டில் அப்படிக் கேட்கக் கூடாது. யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால், அய்யா வீட்டுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி படகுக்குப் போவார். எனக்கும் அது ஊறிப்போன பழக்கம். அவள் கேட்டதும் அந்த எழுத்துச் சந்தைக்குள் திரும்பி நுழைவேன். ‘உட்காருகிறேன்’ என்று தட்டுவேன். நிஜமாகவே தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவேன்.

ஒருநாள் அவள் சுள்ளென்று எழுதினாள்: “தினமும் விடைபெறுகிறாய், உடனே திரும்பி வந்து உட்காருகிறாய். உண்மையைச் சொல். நீ மனுஷியா, இயந்திரமா?”

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. நான் அவளைச் சந்தேகப்பட, அவள் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறாள்! தெரிந்த ஸ்வாஹிலியை எல்லாம் திரட்டி எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். அதைப் படித்துவிட்டு அவள் கேட்டாள்:

“அப்படியானால் உங்கள் ஊரில் என்ன சொல்லி அனுப்புவார்கள்?”

“போய்ட்டு வா என்போம்.”

அன்றிலிருந்து அதையே தன் மொழியில் எழுதினாள். என் சந்தேகம் முழுக்கப் போய்விடவில்லை. ஆனாலும் அதைப் படிக்க எனக்குப் பிடித்திருந்தது.

கிளம்பும் நாள் வந்தது. பெட்டிகளை அய்யா ஆட்டோவில் ஏற்றிவிட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினேன். அய்யாவிடம் ஒரு நாளும் அந்தக் கேள்வியைக் கேட்காத அம்மா, கேட்டதற்காகச் சின்ன வயதில் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்த அம்மா, பின்னாலிருந்து கேட்டாள்.

“எங்கனடி போற?”

வாய்தவறிவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தேன். அவள் கையில் தண்ணீர்ச் செம்பு தயாராக இருந்தது.