மழைக்கு ஒழுகாத கூரை

கல்யாணச் சீராகக் கட்டில் வாங்கித் தருவதாகத்தான் எங்கள் வீட்டில் சொன்னார்கள். நான் ஆர்மோனியம் கேட்டேன். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள், மாப்பிள்ளை மட்டும் சரி என்றார். அப்படித்தான் அந்தப் பெட்டி திருநெல்வேலியிலிருந்து பஸ் ஏறி, கம்பத்தில் இறங்கி, ஜீப்பில் என் மடிமேல் உட்கார்ந்துகொண்டு வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அவர் அங்கே ஸ்டோர் கீப்பர், நான் தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர். கட்டில் இல்லாமல் மூன்று வருஷம் பாயில்தான் படுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் சின்னக் கிறிஸ்தவக் கோவிலில் ஆராதனை. ஆர்மோனியம் வாசிப்பது நான். வேறு யாரும் அதைத் தொட்டால் எனக்குப் பிடிக்காது. அது ஊருக்கே தெரியும்.

எழுபதுகளின் நடுவில் கோவிலின் புல்லுக் கூரையைப் பிரித்துவிட்டுத் தகரம் போட்டோம். போட்டவர் கம்பத்துக்காரர், மெலிந்த மனிதர், அதிகம் பேசமாட்டார். வேலை முடிந்ததும் ஒரு குறை தெரிந்தது. சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே நாலு பக்கமும் இடுக்கு. அது வழியாக மூடுபனி உள்ளே வந்து நேராக என் ஆர்மோனியத்தின் மேல் உட்கார்ந்தது. விடுவேனா? ஸ்டோரிலிருந்து பழைய சாக்குகளை வாங்கி, நீல நூலால் உருட்டித் தைத்து, இடுக்கு முழுக்க அடைத்தேன். அந்த வாரம் உபதேசியார் ஜெபத்திலேயே எனக்கு நன்றி சொன்னார். அவர் சமவெளிக்காரர், குளிர் ஆகாது. ஜன்னல்களையும் கதவையும் தாழ்போட்டுவிட்டுத்தான் பிரசங்கத்தை ஆரம்பிப்பார், ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து முடிக்கமாட்டார்.

டிசம்பர் பிறந்து குளிர் இறுகியதும் கூரை ஒழுக ஆரம்பித்தது. வெளியே ஒரு தூறல்கூடக் கிடையாது. முதல் சொட்டு பரமண்டல ஜெபத்தின்போது என் பிடரியில் விழுந்தது. அடுத்த வாரம் மாதமொருமுறை வரும் போதகர் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வந்தார். அவர் கிண்ணத்தில் விரலை நனைப்பதற்குள் கூரை முந்திக்கொண்டது. குழந்தையின் நெற்றியில் நல்ல பெரிய சொட்டு. குழந்தை வீறிட்டது, போதகர் மேலே பார்த்தார், சபை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாவது சொட்டு ஆர்மோனியத்தில் விழுந்திருந்தது.

தகரக்காரரை வரவழைத்தேன். வந்தார், ஏறினார், ஒவ்வோர் ஆணித் தலைக்கும் தார் பூசினார். ஞாயிற்றுக்கிழமை ஒழுகியது. மறுபடி வந்தார், மறுபடி பூசினார். ஒழுகியது. ஆர்மோனியத்தின் நடுவிலிருந்த ஒரு வெள்ளைக் கட்டை ஊறிப்போய், அமுக்கினால் எழும்பாமல் கிடந்தது. துருத்தியை அசைத்தாலே அது தனியாக ஒப்பாரி வைத்தது. கடைசியில் என் கணவர் பக்கத்தில் நின்று குடை பிடிக்க, நான் வாசித்தேன். கல்யாணத்தன்று மழை கொட்டியபோதுகூட அவர் எனக்குக் குடை பிடித்ததில்லை.

மூன்றாம் முறை வந்தபோது தகரக்காரர் ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து, ஏணியில் ஏறி, குடம் குடமாகக் கூரைமேல் ஊற்றினார். நான் உள்ளே குடையோடு நின்றேன். ஒரு சொட்டு விழவில்லை. அவர் இறங்கி வந்து, "பாத்தீங்கள்ல டீச்சர், ஒழுகல" என்றார்.

"கூரைக்கு உங்களக் கண்டா பயம் போல. ஞாயித்துக்கிழம வந்து பாருங்க. வேல தெரியாட்டா தெரியாதுன்னு சொல்லணும். அத விட்டுட்டு ஊரான் சொத்தையா நாசம் பண்ணுதது?" என்றேன். கோவில் வாசலில், பத்துப் பேர் கேட்க. அவர் தார்ச் சட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

நான் சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டார். அன்று வருஷாந்திர அசனம். ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடவுமில்லை, பைபிளைத் திறக்கவுமில்லை. வாயைத் திறந்தபடி கூரையையே பார்த்தார். பிரசங்கம் பாதியில் ஒரு சொட்டு அந்த வாய்க்குள்ளேயே விழுந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஆராதனை முடிந்ததும் நேரே அசனம் வேகும் இடத்துக்குப் போய், என்னையும் கூப்பிட்டு, சோற்று அண்டாவின் மூடியைத் தூக்கிக் காட்டினார். அடிப்பக்கத்திலிருந்து தண்ணீர் கோடு கோடாக வழிந்தது.

"டீச்சர், இந்த மூடி ஓட்டையா?"

நான் குனிந்து மூடியைப் பார்த்தேன்.

"ஆளு வரும்போது தகரம் காஞ்சுதான் கெடந்துச்சு. பாட ஆரம்பிச்சதும் வேர்த்துருச்சு. நூறு பேரு விடுற மூச்சுல இருக்குற ஈரம் போக வழியில்ல. சில்லுன்னு கெடக்குற தகரத்துல ஒட்டிக்கிட்டு நம்ம மேலயே விழுது. நான் அதுக்குத்தான் சுத்தி இடுக்கு விட்டேன். யாரோ அடச்சிருக்காங்க."

கோவிலுக்குள் போய், பெஞ்சின் மேல் ஏறி, ஒரு சாக்கை உருவினார். சொதசொதவென்று வந்தது. ஓரத்தில் நீல நூல். என் தையலை அறியாதவர் அந்தச் சபையில் இல்லை. உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே போய்விட்டார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் நன்றாயிருக்கும் என்று நின்றேன். அது ஏலத்தோட்டத்துப் பூமி, அசையவில்லை.

மீதிச் சாக்குகளை நானே உருவினேன். உருவி முடித்துவிட்டு, அவரைத் திட்டிய அதே வாசலில், பந்திக்கு உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும், "தப்பு என் மேலதான், மன்னிச்சிருங்க" என்றேன். அவரைத் திட்ட எடுத்த நேரத்தைவிட அதற்கு அதிக நேரம் ஆனது. அவர், "சோறு ஆறுது டீச்சர்" என்றார்.

அடுத்த வாரம் தகரத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கில் பாய் கட்டிக் கொடுத்தார். இடுக்குகள் திறந்தே இருந்தன, ஜன்னல்களும்தான். கோவிலுக்குள் காற்று நன்றாக அடித்தது. உபதேசியார் மப்ளரைச் சுற்றிக்கொண்டு பிரசங்கத்தை இருபத்தைந்து நிமிஷத்தில் முடித்தார். சபை இவ்வளவு ஒருமனதாகக் கர்த்தரை ஸ்தோத்திரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒரு சொட்டு அப்புறம் விழவில்லை. ஆனால் அந்த வெள்ளைக் கட்டை பிழைக்கவில்லை. காய்ந்ததும் ஒப்பாரியை நிறுத்தியது, கூடவே சத்தத்தையும் நிறுத்திவிட்டது. கீழே கம்பத்துக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்துவரச் சொன்னார்கள். எனக்கென்னவோ மனசு வரவில்லை. அந்தச் சுரம் வரும்போது நானே வாயால் பாடி நிரப்பினேன்.

தகரக்காரர் பிறகு எங்கள் தோட்டத்திலேயே வேலைக்குச் சேர்ந்து, வாராவாரம் அதே கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தச் சுரம் வரும்போதெல்லாம் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்ப்பார். நான் அவரைப் பார்க்கமாட்டேன்.