இடைவெளி விடாத மட்காட்

கௌசலா ரீச்சர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் அவருடைய வகுப்பில் நின்று பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருந்தேன். முதலாம் பாடவேளை முடியப்போகிறது, விஞ்ஞான ரீச்சரைக் காணவில்லை, ஒன்பதாம் வகுப்பு சந்தைபோல இரைந்துகொண்டிருந்தது. மழையைச் சாட்டிப் பிந்தி வருகிறார் என்று அவர்மீதும் எனக்கு எரிச்சல். அப்போது அதிபர் வாசலில் வந்து நின்றார். ஆளனுப்பிக் கூப்பிடாமல் அவரே மழையில் நடந்து வந்ததைக் கண்டவுடன் ஏதோ பிழை என்று விளங்கிவிட்டது. பிரதான வீதியில் ஒரு வான் வண்டி மோதியதாகவும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னரே உயிர் போய்விட்டதாகவும் சொன்னார்.

முப்பத்தோராம் நாளுக்கு வெளியிடும் இந்த நினைவு மலருக்கு அவருடைய நற்குணங்களைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். அவை உங்களுக்கெல்லாம் தெரியும். அவரோடு படிப்பித்தவர்கள், அவரிடம் படித்தவர்கள்தான் இதை வாசிக்கப்போகிறீர்கள். நான் எழுத வேண்டியது ஒரு சைக்கிள் மட்காட்டைப் பற்றி. அவருடைய கணவரிடம் கேட்டேன். எழுதச் சொன்னார்.

நாங்கள் இரண்டு பேரும் பருத்தித்துறைக்காரர். அவர் சண்டிலிப்பாயில் ஒரு தோட்டக்காரரைக் கலியாணம் முடித்து வந்தவர். நான் இடமாற்றத்தில் வந்து பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு இருப்பவள். ஆசிரியர் அறையில் எங்களைக் கடற்கரை ஆட்கள் என்று பகிடி பண்ணுவார்கள். கௌசலா விடமாட்டார். வெங்காயத்தையும் புகையிலையையும் விட்டால் உங்களுக்கு வேறு கதை உண்டா என்று திருப்பிக் கேட்பார். அவருக்கு வாய் கொஞ்சம் கூட. எனக்கு அதைவிடக் கூட. அதனால்தான் ஒத்துப்போனோம்.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் ஸ்கூட்டரை மூடி வைத்துவிட்டுச் சைக்கிளில் வரத் தொடங்கினார். பெற்றோல் தாராளமாகக் கிடைத்த பிறகும் சைக்கிளை விடவில்லை. கோடையில் ஒரு கரைச்சலும் இல்லை. மாரி வந்ததும்தான் வினை தொடங்கியது. சைக்கிளில் இருந்தது சேற்றை மறிக்காத கட்டையான பிளாஸ்டிக் மட்காட். ஒரு நாள் பின்சில்லு அள்ளி எறிந்த செம்மண் சேறு சேலையின் கரையிலிருந்து முதுகு வரை கோடாக ஏறியிருந்தது. அது தெரியாமல் ஒரு பாடவேளை முழுவதும் கரும்பலகையில் எழுதியிருக்கிறார். பிள்ளைகள் ஏன் சிரிக்கிறார்கள் என்று நான் சொன்னபோதுதான் அவருக்கு விளங்கியது. தண்ணீர்க் குழாயடிக்குப் போய்ச் சேலையை அலசி, ஈரத்தோடு அடுத்த வகுப்புக்குப் போனார். பின்னேரம் என்னிடம், "சீலையிலை பட்ட சேறு தோய்ச்சால் போயிடும். அதுகள் சிரிச்ச சிரிப்பு என்ரை முதுகிலை நிக்குது" என்றார்.

அடுத்த சனிக்கிழமை சைக்கிள் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனவள் நான். கடைக்காரர் அகலமான, சில்லுக்கு மேலே உயர்ந்து நிற்கும் ஒன்றை எடுத்துக் காட்டினார். செம்மண் ஒழுங்கையில் ஓடுவதென்றால் ரயருக்கும் மட்காட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி வேண்டும் என்றார். விற்காமல் கிடக்கும் சாமானைத் தள்ளப் பார்க்கிறார் என்று நினைத்தேன். என் அப்பாவின் சைக்கிளில் தகர மட்காட் ரயரோடு ஒட்டி, நிலத்துக்கு ஒரு சாண் மேலே வரை இறங்கி, நுனியில் றப்பர்த் துண்டோடு இருக்கும். எந்த மழையிலும் அவருடைய வேட்டியில் ஒரு பொட்டுப் படாது. அதைத்தான் வாங்க வேண்டும், அப்படித்தான் பூட்ட வேண்டும் என்று அடித்துச் சொன்னேன். எங்கள் கரையில் இருப்பது மணல். ஒட்டினாலும் உதிர்ந்துவிடும். பதினொரு வருடமாகச் செம்மண்ணில் நடக்கிறேன், அந்த வித்தியாசம் என் மண்டையில் ஏறவில்லை. கௌசலா தகரத்தையே வாங்கினார்.

முதல் மழைக்கு ஆசிரியர் அறையில் எங்கள் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி முதுகைக் காட்டினார். சேலை அப்படியே கிடந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பிறகு அவருடைய வீட்டுக்குப் போகும் ஒழுங்கையைக் குழாய் புதைக்கத் தோண்டினார்கள். கிளறிய மண் மழையில் களியாகி, மட்காட்டுக்குள் அடைந்து, சில்லை இறுக்கிப் பிடிக்கத் தொடங்கியது. ஒரு பழைய அகப்பைக் காம்பைப் பையில் வைத்துக்கொண்டு, நின்று நின்று கிண்டி எடுத்தபடி வருவார். பள்ளிக்கூடத்துக்கோ சமைக்கவோ போகிறீர் என்று பகிடி விட்டேன். "சேறு மட்காட்டுக்கைதானே கிடக்குது, சீலையிலை இல்லையே. எனக்கு அது காணும்" என்றார். கழற்றி எறியும் என்று அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். என் தெரிவு பிழை என்று ஒப்புக்கொள்ள எனக்கு ரோசம்.

அந்தக் காலை நடந்ததை வீதியோரக் கடைக்காரர் கண்டிருக்கிறார். ஒழுங்கையிலிருந்து தார் வீதியில் ஏறியதும் பின்சில்லு இறுகிவிட்டது. உருட்டவும் முடியவில்லை. மழை கொட்டிக்கொண்டிருக்க, வீதிக் கரையிலேயே குந்தியிருந்து காம்பால் மண்ணைக் கிண்டியிருக்கிறார். வான்காரருக்கு ஆள் இருப்பது தெரியவில்லை.

செத்தவீட்டில் நான் வாய் திறக்கவில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து சனம் போன பிறகு அவருடைய கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் குனிந்து முற்றத்துச் செம்மண்ணில் கொஞ்சம் கிள்ளி விரலால் உருட்டினார்.

"செம்மண் எப்பிடி ஒட்டுமெண்டு தோட்டக்காரன் எனக்குத் தெரியாதோ, ரீச்சர்? வீட்டிலை வைச்சு அதைப் பூட்டினது நான்தான். இறுகுமெண்டு தெரிஞ்சுகொண்டுதான் ஒட்டப் பூட்டினனான். அவ அவ்வளவு ஆசையாய்க் கொண்டு வந்தவ. வேண்டாமெண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை."

மலரில் இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கோ. ஆனால் பிழை முழுக்க என்ரையெண்டு எழுதுங்கோ. நீங்கள் அவவுக்கு இஞ்சை இருந்த ஒரேயொரு சிநேகிதி" என்றார்.

ஓம் என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு முறை அப்படியே எழுதியும் பார்த்தேன், முடியவில்லை. அவர் என்னை மன்னிக்க வேண்டும். கௌசலாவின் படிப்பும் பகிடியும் துணிவும் உங்கள் எல்லோருக்கும் பொதுவானவை, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிழையில் பாதி என்னுடையது. அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.